வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு தையல் கடைக்கு மேலே உள்ள அறையில், வாரத்தில் சில மாலைகள் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் வருவார்கள். கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் பாடத்தோடு சேர்ந்தே கேட்கும். மழைக்காலத்தில் சன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து பலகையை ஈரமாக்கிவிடும். அன்று சாக்பீஸ் பிடிக்காது. வாய்ப்பாடம் மட்டும் நடக்கும்.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும், அன்று யார் எந்த இடத்தில் தயங்கினார்கள் என்று டைரியில் எழுதுவது என் வழக்கம். தவறுகளை எழுதுவதில்லை. அவை பெரும்பாலும் தாமாகச் சரியாகிவிடுகின்றன. தயக்கங்கள் அப்படிப் போவதில்லை.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் முதல் தயக்கம் மரியாதையில் வரும். தமிழில் சொல்லின் கடைசியில் ஒரு ‘ங்க’ சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஆரம்பத்தில் எல்லோரும் ‘யெஸ்ஸுங்க’, ‘நோங்க’, ‘தேங்க்யூங்க’ என்றுதான் பதில் சொல்வார்கள். வெறும் ‘நோ’ என்று சொல்லச் சொன்னால் வாய் வராது. “மொட்டையா இருக்குதுங்க டீச்சர்” என்பார்கள். ‘சார்’, ‘மேடம்’ என்று ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அதைச் சமாளித்தேன். ‘ங்க’வின் வேலையை ‘சார்’ பார்த்துக்கொண்டது.

அடுத்தது விடைபெறுதல். சுற்றுலா வருபவர்களை ஜீப்பில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டும் டிரைவர் ஒருவர் வகுப்பில் இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒருமுறை வடநாட்டுக் குடும்பம் ஒன்றை ஓட்டலில் இறக்கிவிட்டு, “ஐ வில் கம், சார்” என்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ‘வர்றேனுங்க’ என்று சொன்னதாக அவர் நினைப்பு. அந்தக் குடும்பம் குழந்தைகளோடு ஓட்டல் வாசலில் அவருக்காகக் காத்து நின்றிருக்கிறது. மறுநாள் நன்றாகத் திட்டு வாங்கினார். “ஐ யாம் கோயிங்” என்று சொல்ல வேண்டும் என்றேன்.

“போறேன்னு எப்படிங்க டீச்சர் சொல்றது? ஒரேயடியாப் போற மாதிரியில்ல இருக்குது” என்றார்.

பக்கத்தில் இருந்தவர், சாலையோரம் பேரிக்காயும் மிளகும் விற்பவர். தலைமுறை தலைமுறையாக மலையிலேயே விவசாயம் செய்யும் குடும்பத்துப் பெண். “நீ ஒரேயடியாப் போனாத்தான் அந்த ஜீப்புச் சத்தம் ஓயும்” என்றார். வகுப்பு சிரித்தது. இப்படித்தான் எங்கள் மாலைகள் நடந்துகொண்டிருந்தன.

இதில் சிரிக்காமல் பாடத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தவர் ஒருவர். நாற்பதை ஒட்டிய வயது. வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, அதே எஸ்டேட்டில் பழம் பறித்து, அதே லைனில் கல்யாணமாகி வந்தவர். கணவர் மிளகு எடுக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறியபோது விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறார். எஸ்டேட் கைமாறிவிட்டது. வாங்கியவர்கள் அங்கே பங்களாக்கள் கட்டப் போகிறார்கள். மழைக்காலம் முடிவதற்குள் லைன் வீடுகளைக் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. காலி செய்தால் அடிவாரத்தில் கணவரின் அண்ணன் வீட்டில் ஓர் அறையில் ஒண்டிக்கொள்ள வேண்டும். மகள் ஏற்காட்டில் பிளஸ் டூ படிக்கிறாள். நடு வருடத்தில் அவள் பள்ளியை மாற்ற வேண்டும், அல்லது விடியற்காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஏறி தினமும் மேலே வர வேண்டும்.

அவர் ஒரு விருந்தினர் விடுதியில் அறை கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்துவந்தார். அங்கே முன்பக்க மேசையில் இருந்த பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட, மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, விருந்தினர்களோடு ஆங்கிலத்தில் பேசப் பழகிக்கொண்டால் அந்த இடத்தை இவருக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். கொஞ்ச நாள் பார்ப்பார்கள். சரியாக வந்தால் வேலை நிரந்தரம். வேலையோடு விடுதிக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர்ஸும் உண்டு.

“ரெண்டு ரூமுங்க டீச்சர். தண்ணிக் கொழா ஊட்டுக்குள்ளயே வருது” என்றார் முதல் நாளே. அதற்கு மேல் அவர் ஏன் படிக்க வந்தார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நன்றாகவே படித்தார். வெந்நீர் வரும் நேரம், சாப்பாட்டு நேரம், துணி துவைக்கக் கொடுக்கும் முறை எல்லாம் சொல்லப் பழகிக்கொண்டார். விருந்தினர்களைக் காலையில் பார்த்ததும் “டிட் யூ ஈட், சார்?” என்று கேட்டார். நான் அதை மாற்றச் சொன்னேன். ஆனால் விடுதியில் அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

சிக்கல் வந்தது, வெளியே கிளம்பும் விருந்தினரை விசாரிக்கும் பாடத்தில். அந்த விடுதியில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை நடக்கப் போன இருவர் மூட்டத்தில் வழி தவறி, காப்பிச் செடிகளுக்குள் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து, நடந்து போகிற ஒவ்வொருவரிடமும் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று கேட்டுப் பலகையில் எழுத வேண்டும் என்பது முதலாளியம்மாவின் உத்தரவு.

வகுப்பில் டிரைவரை விருந்தினராக நடிக்கச் சொன்னேன். அவர் கம்பீரமாக நடந்து வாசல்வரை போய், ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு நின்றார். இந்த அம்மா கேட்க வேண்டும்: “வேர் ஆர் யூ கோயிங், சார்?”

அந்த அம்மா எழுந்தார். நின்றார். வாய் திறக்கவில்லை.

“ஏனுங்கக்கா, கேளுங்க. எத்தன நேரம் ஒத்தக் கால்ல நிக்கறது?” என்றார் டிரைவர்.

“நீ உள்ள வா தம்பி. கேக்கறேன்.”

“உள்ள வந்துட்டா நான் எங்கீங்க போறேன்? வந்துட்டேன்ல!”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த ஜோடியும் அதே இடத்தில் தடுமாறியது. அதற்கடுத்த ஜோடியும்.

எனக்கு அந்த வழக்கம் தெரியாதது அல்ல. கிளம்பி வாசல் தாண்டப் போகிறவரை ‘எங்கே’ என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்பார்கள். தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்றால் ‘தூரமுங்களா?’ என்று கேட்பார்கள். போகிறவருக்கு விருப்பம் இருந்தால் ஊரைச் சொல்வார். இல்லையென்றால் ‘பக்கந்தானுங்க’ என்று சொல்லிவிட்டு நடப்பார். என் வீட்டிலும் அப்படித்தான் கேட்போம். ஆனால் அது ஆங்கிலப் பாடத்தின் குறுக்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

“இங்கிலீஸ்ல கேட்டாத் தப்பில்லீங்களா டீச்சர்?” என்று பேரிக்காய் விற்பவர் கேட்டார்.

எனக்கு முன்னால் டிரைவர் தீர்ப்புச் சொன்னார். “இங்கிலீஸ்ல கேட்டா நம்ம சாமிக்குப் புரியாதுங்க. தாராளமாக் கேக்கலாம்.”

“மேல கோயில்ல இருக்கற சாமி வெள்ளக்காரன் காலத்துலயும் அங்கயேதான் இருந்துச்சு. அதுக்குத் தெரியாத இங்கிலீஸா?” என்றார் பேரிக்காய் விற்பவர்.

“அது பழைய இங்கிலீஸுங்க. டீச்சர் சொல்லித் தர்றது புதுசு.”

சிரிப்பு அடங்கியதும் நான் ஆசிரியர் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆங்கிலம் பேசுகிறவருக்கு அந்தக் கேள்வியில் சகுனம் எதுவும் இல்லை. திரும்பி வராவிட்டால் நம்மைத் தேட ஓர் ஆள் இருக்கிறார் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். மனசில் ஒன்றும் நினைக்க மாட்டார்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். “அவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்கங்க டீச்சர். கேக்கறது நானுங்களே.”

அன்று டைரியில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதினேன். கேட்பவருக்கு எது சுடும், எது சுடாது என்றுதான் பாடம் நடத்துகிறோம். சொல்கிறவருக்குச் சுடும் என்பதற்கு என்னிடம் பாடம் இல்லை.

சில நாட்களில் விடுதி மேனேஜர் போன் செய்தார். சென்னைக்காரர், இளைஞர், வேகமாகப் பேசுவார். “மேடம், அந்தம்மா நல்லாத்தான் பேசறாங்க. கெஸ்ட்டுக்கெல்லாம் அவங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு கேள்வியை மட்டும் கேக்க மாட்டேங்கறாங்க. ‘இஸ் இட் ஃபார்?’னு கேக்கறாங்க. கெஸ்ட் ‘நாட் ஃபார்’னு சொல்லிட்டுப் போயிடறாங்க. நான் பலகையில என்ன மேடம் எழுதறது? ‘தூரமில்லை’ன்னு எழுதறதா?”

பேசிப் பார்ப்பதாகச் சொன்னேன்.

அன்று வகுப்பு முடிந்ததும் வாழவந்தி பஸ்ஸுக்காக அவரோடு நின்றேன். மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அவரு உழுந்த அன்னிக்குக் காலைல ஏணியத் தூக்கிட்டு வாசப்படி எறங்கிட்டாருங்க. சோறு எங்க கொண்டாறதுன்னு தெரியோணுமில்லைங்க. ‘எங்க, மேலக்காட்டுக்குங்களா?’ன்னு கேட்டுப்புட்டேன். திரும்பி ஒரு மொறை மொறைச்சாரு. ஒண்ணும் சொல்லல. போய்ட்டாரு.”

கையில் இருந்த பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்.

“பனியில மரம் வழுக்கிருச்சுன்னு எல்லாருஞ் சொல்றாங்க. அவரும் அதையேதான் சொல்றாரு. எனக்கும் அது தெரியுதுங்க டீச்சர். தெரிஞ்சாலும் வாய் வர மாட்டேங்குது.”

பஸ் வந்து திரும்பும் இடத்தில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். “வாசலில் கேட்பதுதான் தப்பா, எங்கே கேட்டாலும் தப்பா?” என்று கேட்டேன்.

“உக்காந்திருக்கறவங்களக் கேக்கலாமுங்க. கெளம்பி நிக்கறவங்களத்தான் கேக்கக் கூடாது.”

அதிலிருந்து ஒரு வழி கிடைத்தது. காலைக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கும்போது, விருந்தினர் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுவிடுவது. “வாட் இஸ் யுவர் பிளான் டுடே, சார்?” அடுத்த வகுப்பில் அதைப் பழகினோம். அவருக்குச் சரளமாக வந்தது. விடுதியிலும் நடந்தது. பலகை நிரம்பியது. மேனேஜர் போன் செய்யவில்லை.

ஆனால் விருந்தினர்கள் காலையில் சொன்னதையே மாலையில் செய்வதில்லை. ஒரு நாள் ஒரு தம்பதி காப்பி குடிக்கும்போது, இன்று முழுக்கப் புத்தகம் படிக்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மதியத்துக்குமேல் வானம் தெளிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். இவர் மேசையில் இருந்தார். கேட்க முடியவில்லை. “ஃபார், சார்?” என்றார். அவர்கள் கை அசைத்துவிட்டுப் போனார்கள். சற்று நேரத்தில் மூட்டம் இறங்கியது. விளக்குப் போட்ட பிறகும் அவர்கள் வரவில்லை. மேனேஜரும் சமையல்காரரும் ஆளுக்கொரு பக்கம் தேடப் போனார்கள். கடைசியில் அந்தத் தம்பதி ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மூட்டம் விலகட்டும் என்று ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மேனேஜர் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதலாளியம்மா வருகிறார், நடந்ததை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது, அன்றைக்கும் இப்படியே இருந்தால் சேலத்திலிருந்து வேறு ஆள் எடுக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா இதை வகுப்பில் சொன்னபோது டிரைவர்கூட வேடிக்கை பேசவில்லை.

“கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுருங்கக்கா. ஊடு முக்கியம்” என்றார்.

“கண்ண மூடுனா வாயுமில்ல மூடிக்குது தம்பி” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். சமையல்கட்டில் உள்ள இரண்டு பேரை வகுப்புக்கு அனுப்புவது பற்றிப் பேச முதலாளியம்மா என்னை வரச் சொல்லியிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முன்கூடத்தில் என்னோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாலும், அவர் பார்வை மேசைப் பக்கமே இருந்தது. மேனேஜர் மேசைக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றார். எனக்குப் பேச்சில் மனம் செல்லவில்லை.

பெங்களூரிலிருந்து வந்திருந்த வயதான கணவன் மனைவி மாடியிலிருந்து இறங்கினார்கள். காலையில் காரில் ஏரிக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்கள் என்று பலகை சொன்னது. இப்போது இருவர் காலிலும் நடைக்கான ஷூ இருந்தது. பெரியவர் கையில் ஒரு குச்சியும் இருந்தது. மேசையைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேராக வாசலுக்குப் போனார். ஒரு கால் வாசற்படிக்கு வெளியே போய்விட்டது.

மேனேஜர் அந்த அம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

அந்த அம்மா மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். “சார். மேடம். ப்ளீஸ் சிட்” என்று வாசலுக்கு உள்ளே இருந்த பெஞ்சைக் காட்டினார்.

பெரியவர் வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தார். ஏதாவது பிரச்சினையா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நோ பிராப்ளம், சார். வாட்டர்.”

உள்ளே போனார். இரண்டு எவர்சில்வர் தம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்தார். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குடித்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிளம்பும்போது ஏதாவது தடங்கல் வந்தால், வீட்டுக்குள் திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பச் சொல்வார்கள். முதலில் கிளம்பியது அதோடு ரத்து. தண்ணீர் குடிக்கும் அந்த நேரத்துக்கு, அந்தப் பெங்களூர்க்காரர்கள் எங்கேயும் கிளம்பாதவர்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

தம்ளர்களை வாங்கிக்கொண்டு கேட்டார். “வேர் ஆர் யூ கோயிங், சார்? வென் வில் யூ கம் பேக்?”

குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. பகோடா பாயிண்ட் வரை, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்றார் பெரியவர். அந்த அம்மா போய்ப் பலகையில் எழுதினார். திரும்பி வந்து வாசலை விட்டு ஒதுங்கி நின்று, “கோ அண்ட் கம், சார்” என்றார்.

போயிட்டு வாங்க. வகுப்பில் பல வாரங்களாக நான் திருத்திக்கொண்டிருந்த வாக்கியம். அன்று திருத்தவில்லை. பெங்களூர் அம்மையார் படி இறங்கிக்கொண்டே கணவரிடம் அதையே ஒருமுறை சொல்லிப் பார்த்தது என் காதில் விழுந்தது.

முதலாளியம்மா மேனேஜரைக் கூப்பிட்டார். “வெளிய போறவங்களுக்குத் தண்ணி குடுக்கறது நம்ம ஏற்பாடா?”

மேனேஜர் பலகையைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். “ஆமாங்க மேடம்” என்றார். அவர் வாயிலிருந்து ‘ங்க’ வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நல்ல ஏற்பாடு. வயசானவங்க தண்ணி குடிக்காமத்தான் நடக்கக் கிளம்பிடறாங்க. இனிமே எல்லாருக்கும் குடுங்க. ஆனா எவர்சில்வர் வேண்டாம். பித்தளைத் தம்ளர் வாங்கி வைங்க, பாக்க லட்சணமா இருக்கும்.”

பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, “குவார்ட்டர்ஸுக்கு எப்ப வர்றீங்க?” என்றார்.

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். “நாள் பாத்துச் சொல்றேனுங்க” என்றார்.

லைன் வீட்டுச் சாமான்களை டிரைவர் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இப்போது அந்த விடுதியில் நடக்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகிறார்கள். அது உடம்புக்கு நல்லது என்பதால் கொடுக்கப்படுவதாகவே விருந்தினர்களுக்கும் முதலாளியம்மாவுக்கும் தெரியும். மேனேஜருக்கு என்ன தெரியும் என்று நான் கேட்டதில்லை.

போன வாரம் அந்தக் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். மகள் கட்டிலில் புத்தகங்களைப் பரப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். காப்பி போடப் பால் இல்லை. கணவர் தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலை நெருங்குவதற்கு முன்பே, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல உரக்கச் சொன்னார்: “முக்குக் கடைக்குப் போயிப் பால் வாங்கிட்டு, இப்ப வந்தர்றேன்.”

“நான் ஒண்ணுங் கேக்கலீங்களே” என்றார் அந்த அம்மா அடுப்பங்கரையிலிருந்து.

“நீ கேக்கல. நான் டீச்சர்கிட்டச் சொன்னேன்.”

அவர் படி இறங்கித் தடியை ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு, அந்த அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். சர்க்கரையும் இல்லை. வாசல்வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது.

“போன்ல கூப்பிட்டாத் தப்பில்லைம்மா” என்று மகள் நம்பரை அழுத்தினாள்.

சன்னல் மேடையில் இருந்த கணவருடைய போன் அடித்தது.

பால் வந்ததும், வெல்லத்தைத் தட்டிப் போட்டுக் காப்பி குடித்தோம்.